வாள் விலகுவது ஏன்? மலையக மரமும் பேண்ட்சோவின் சீரமைப்பும்

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மரவேலைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. பென்சிலால் நேர்கோடு போட்டாயிற்று, பலகையைப் பக்கச் சட்டத்தோடு அணைத்தும் பிடித்தாயிற்று. ஆனாலும் வாள் கோட்டை விட்டுவிட்டுத் தன் போக்கில் போகிறது. அரிந்து வந்த பலகை ஒரு முனையில் ஓர் அங்குலம், மறுமுனையில் முக்கால் அங்குலம். இயந்திரம் சரியில்லை என்பார் ஒருவர். வாள் மழுங்கிவிட்டது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் மரத்தையே குற்றம் சொல்வார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நேரத்தில் எது உண்மை என்று பிரித்தறிவதில்தான் வேலையே இருக்கிறது. பட்டை வாள் இயந்திரமான பேண்ட்சோவைச் சீரமைப்பது பற்றி மேல்நாட்டு நூல்கள் நிறையச் சொல்கின்றன. அவற்றைத் தேயிலைத் தோட்டத்து மரத்தின் மீதும் மலையகத்துக் குளிர், மழை, மின்சாரத்தின் மீதும் வைத்துப் பார்க்கும்போது எவை நிற்கின்றன, எவை மாற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

மரத்திலிருந்து தொடங்குவதே முறை. மலையகத்தில் இன்று பட்டறைக்கு வருவது பெரும்பாலும் காட்டு மரமல்ல, நட்டு வளர்த்த மரம். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை அடுத்து, 1873 முதல் 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளைத் தோட்டங்களுக்காக அழிப்பது தடுக்கப்பட்டது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதே நிறுத்தப்பட்டது. ஆகவே கூரைக்கும் கதவுக்கும் கட்டிலுக்கும் கிடைப்பவை தோட்டத்து நிழல் மரமான சவுக்கு, அதாவது தாவரவியலில் கிரெவில்லியா ரொபஸ்டா எனப்படுவது, தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகாகவும் தூண், ரயில் சிலிப்பர் கட்டைகளாகவும் நடப்பட்ட யூகலிப்டஸ், பைனஸ், நுவரெலியாப் பக்கத்துச் சைப்பிரஸ். இவற்றில் சவுக்கும் யூகலிப்டஸும் அவுஸ்திரேலியாவின் மரங்கள். நட்டவர்கள் நிழலையும் விறகையும் நினைத்து நட்டார்களே தவிர, பலகையை நினைத்து நட்டவை அவற்றில் குறைவு. தேயிலை ஏற்றிய பெட்டிக்குக்கூட ஒரு காலத்தில் எஸ்தோனியாவின் தாலின் நகரத்து ஒட்டுப்பலகைதான் கப்பலேறி வந்தது. பலகைக்கென்று தெரிந்தெடுத்துக் கிளை கழித்து வளர்க்காத மரத்தை அரிய நேரும்போது, அந்தக் குறையின் பாரம் முழுவதும் வாளின் மேல் விழுகிறது.

யூகலிப்டஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விரைவாக வளரும் யூகலிப்டஸ் கிராண்டிஸ் போன்ற மரங்களின் தண்டில் வெளிப்புற நார்கள் இழுபட்ட நிலையிலும் நடுப்பகுதி அமுக்கப்பட்ட நிலையிலும் இருக்கும். மரம் நிற்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். வெட்டி விழுத்தியதும் முனைகள் நட்சத்திரமாகப் பிளப்பது இதனால்தான். ஆலையில் ஒரு பக்கத்து முதல் சிராயைச் சீவி எடுத்ததும் சமநிலை குலைந்து, மீதி மரம் வில்லாக வளையும்: வெட்டிய முகம் நடுவில் வாளை நோக்கி மேடிடும், இரு முனைகளும் வாளைவிட்டு விலகும். அடுத்த வெட்டில் வாள் நேராகத்தான் போகிறது. ஆனால் வரும் பலகை நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருக்கிறது. பார்ப்பவர் வாளைத் திட்டுகிறார்.

வாளின் குற்றத்தையும் மரத்தின் குற்றத்தையும் பிரித்தறிய இதுவே நல்ல இடம். பலகையின் நீளம் முழுவதும் தடிப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் மரத்தின் உள்ளிழுவையைச் சந்தேகிக்க வேண்டும். ஓரிரண்டு அடிக்குள்ளேயே அலையலையாக ஏறி இறங்கினாலோ, பலகையின் அகலத்துக்குக் குறுக்கே வெட்டு வயிறு தள்ளியிருந்தாலோ குற்றம் வாளில். முதல் வகைக்கு எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை. மரத்தை 180 பாகை புரட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி எடுக்க வேண்டும். இயன்றவரை குட்டையான துண்டுகளாகப் போட வேண்டும். வளைந்த முகத்தை இடையிடையே ஒரு மெல்லிய வெட்டால் நேராக்கிவிட்டு மேலே போக வேண்டும். நேரமும் கொஞ்சம் மரமும் செலவாகும்தான். ஆனால் சீரற்ற பலகையைச் சீவுளியில் சமப்படுத்தும்போது போகும் மரத்தைக் கணக்குப் பார்த்தால் இது மலிவு.

சவுக்கின் சிக்கல் வேறு. நிழலுக்காகக் கிளையைத் திரும்பத் திரும்பக் கழித்த மரத்தில் கணுக்கள் நெருக்கம். அதன் பழைய காயங்களுக்குள் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கலாம். வேலிக்காகவோ பலகை தொங்கவிடவோ என்றோ யாரோ அடித்தவை. ஓர் ஆணி போதும், வாளின் ஒரு பக்கத்துப் பற்களை மட்டும் மழுக்கிவிட. அந்த நொடியிலிருந்து வாள் மறுபக்கம் சாயத் தொடங்கும். மரத்தைத் தள்ளுவதற்கு முன் காந்தத்தாலோ உலோகம் காட்டும் கருவியாலோ ஒருமுறை தடவிப் பார்ப்பது வீண்வேலை அல்ல. சவுக்கை ஆரத்தின் வழியே அரிந்தால் அகன்ற மினுங்கும் கோலங்கள் வெளிப்படும். அலுமாரிக் கதவுக்கு அதைவிட அழகான மலையகப் பலகை இல்லை என்பது என் எண்ணம். அந்தக் கோலம் கோணம் தவறாமல் அரிந்தால்தான் கிடைக்கும். அரிபவரின் தோலில் இந்த மரம் சிலருக்கு அரிப்பையும் சொறியையும் உண்டாக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நீளக் கைச்சட்டையும் முகமூடியும் அவசியம்.

பைனஸின் பிசின் வாளின் இரு கன்னங்களிலும் ஒட்டி, நாளுக்கு நாள் தடிக்கும். பற்கள் இரு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து நிற்கும் பல் விரிப்பு அப்படியே இருந்தாலும் பயன் குறைந்துபோகும். வாள் வெட்டிய வழியில் உரசி, சூடேறி, வளையும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் இயந்திரத்தை நிறுத்திவைத்துத் துடைப்பதே இதற்கு மருந்து. சைப்பிரஸின் மெல்லிய மரத்துக்குள் கல் போன்ற கணு வரும்போது தள்ளும் வேகத்தைக் குறைக்காவிட்டால் வாள் கணுவைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும்.

இனி வாள். முடிவில்லாத ஒரு பட்டை வாளை இரண்டு சக்கரங்களில் ஓட்டும் யோசனைக்கு லண்டனில் வில்லியம் நியூபரி 1809இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் அரை நூற்றாண்டு அது உருப்படவில்லை. பட்டையின் இரு முனைகளையும் ஒட்டிய இடம் அறுந்துகொண்டே இருந்தது. 1846இல் பிரான்சின் ஆன் போலின் கிரெப்பின் என்ற பெண் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கிய பாரிஸின் பெரின் நிறுவனம் உருக்கைப் பதப்படுத்தும் வித்தையையும் சேர்த்த பிறகே இயந்திரம் நிலைத்தது. பேண்ட்சோவின் வரலாறு அதன் வாளின் வரலாறாகவே இருக்கிறது. இன்றைய சீரமைப்புக்கும் அதே வரிசை பொருந்தும் என்பது என் முடிவு: மேசை, சட்டம், வாளை வழிநடத்தும் கைட் என்று தொடங்காமல் வாளில் தொடங்க வேண்டும்.

வாளின் தடிப்புக்கு ஒரு பழைய விதி உண்டு. சக்கர விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 36 அங்குலச் சக்கரத்துக்கு 0.036 அங்குலம், அதாவது 0.9 மில்லிமீற்றர். இது ஏனென்று ஒரு சிறு கணக்குச் சொல்லும். பட்டை சக்கரத்தில் வளையும்போது அதன் வெளிமுகத்தில் உண்டாகும் இழுவிசை, உருக்கின் மீள்தன்மைக் குணகத்தைத் தடிப்பால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் வருவது. ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 200 நியூட்டன். அதே 0.9 மில்லிமீற்றர் வாளை 14 அங்குலச் சிறு இயந்திரத்தில் போட்டால் அது 500ஐத் தாண்டும். வாள் ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தடவை இப்படி வளைந்து நிமிர்கிறது. பல்லிடைப் பள்ளத்தில் வெடிப்பு விழுவது வியப்பல்ல. பெரிய ஆலையில் கழித்த வாளை ஒடுக்கமாகக் கிழித்து ஒட்டிச் சிறு இயந்திரத்தில் போட்டுப் பார்க்கும் சிக்கனம் பலனளிக்காததற்கு இதுவே காரணம்.

பற்களின் எண்ணிக்கையில் பல பட்டறைகள் எதிர்த்திசையில் தவறுகின்றன. நெருக்கமான பல் சுத்தமாக வெட்டும் என்று நினைத்து, ஆறு அங்குலக் கட்டையைப் பிளக்க அங்குலத்துக்குப் பத்துப் பல் வைத்த வாளைப் போடுகிறார்கள். பச்சை மரத்தின் ஈரத்தூள் சிறு பள்ளங்களில் நிரம்பி, வெளியேற வழியில்லாமல் வாளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பிளப்பதற்கு அங்குலத்துக்கு மூன்று பல் போதும். மெல்லிய பலகைக்கு மட்டும் எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது மரத்துக்குள் இருக்கும்படி நெருக்கத்தைக் கூட்டலாம். வாளின் அகலம், வெட்டும் வளைவைப் பொறுத்தது: கால் அங்குல வாள் ஐந்தெட்டு அங்குல ஆரம் வரை திரும்பும், அரை அங்குல வாளுக்கு இரண்டரை அங்குலம் வேண்டும். நேராக அரிய அகலமான வாள் நல்லது என்பது சரி. ஆனால் இயந்திரம் அதை இழுத்துப் பிடிக்கும் வலுவுள்ளதா என்ற கேள்வி உடனே வருகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பல் விரிப்பு இரு பக்கமும் சமமாக இருப்பதுதான் நேர்வெட்டின் உயிர். ஒரு பக்கப் பற்கள் சற்றே கூடுதலாக விரிந்தோ கூராகவோ இருந்தால் வாள் அந்தப் பக்கம் ஈர்க்கப்படும். அரத்தைக் கையில் பிடித்து ராவுபவர் எல்லாப் பல்லையும் ஒரே பக்கத்தில் நின்று ராவினாலே போதும், இந்தச் சமமின்மை வந்துவிடும். ஒட்டு விழுந்த இடமும் கவனிக்கத்தக்கது. முதுகு ஒரு நேர்கோட்டில் இல்லாமல் ஒட்டப்பட்ட வாள் ஒவ்வொரு சுற்றிலும் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பின்தாங்கியில் டக் டக்கென்று தட்டும். அந்தச் சத்தத்தைத் திருகுகளால் அடக்க முடியாது. ஒட்டை அறுத்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும்.

பெரிய ஆலை வாள்களின் கதை தனி. அங்கே சக்கரத்தின் முகம் பெரும்பாலும் தட்டை. பற்கள் சக்கர விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓடும். வாளின் நடுப்பகுதியை உருளைகளுக்கிடையே உருட்டிச் சற்று நீளச் செய்து, விளிம்புகளை இறுக்கமாக்கி வைப்பார் வாள் சீரமைப்பவர். பல்விளிம்பு வெட்டும்போது சூடேறி நீளும். முன்கூட்டியே அதற்கு இறுக்கம் கொடுத்து வைப்பதே இந்த வித்தையின் சாரம். வெளிச்சத்துக்கு எதிரே வளையாத சட்டத்தை வாளின் குறுக்கே வைத்து, அடியில் தெரியும் பிறைபோன்ற இடைவெளியைக் கண்ணால் அளந்து சுத்தியலால் தட்டிச் சரிசெய்யும் மூத்த கைகள் இன்று குறைந்து வருகின்றன. எந்தப் புத்தகத்தாலும் முழுமையாகச் சொல்லிக்கொடுக்க முடியாத அறிவு அது. பெயரும் சம்பளமும் மதிப்பும் கொடுத்து இளையோரை அந்த வேலைக்குள் கொண்டுவராவிட்டால், எத்தனை விலையுயர்ந்த இயந்திரம் இறக்கினாலும் மலையகத்தின் ஆலைகள் கோணல் பலகைதான் தரும்.

வாள் சக்கரத்தில் ஏன் வழுக்கி விழாமல் ஓடுகிறது என்பதைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய தொழிற்சாலைகளில் ஒரே நீண்ட இரும்புத் தண்டு கூரையோரம் சுழலும். அதிலிருந்து தட்டைப் பெல்ட்டுகள் இறங்கி உருட்டும் இயந்திரத்தையும் சலிப்பானையும் ஓட்டும். கப்பியின் முகம் நடுவில் சற்று உயர்ந்திருக்கும். பெல்ட் அந்த உச்சியைத் தேடி ஏறி அங்கேயே நிற்கும். சிறு பேண்ட்சோவின் ரப்பர் ஒட்டிய சக்கரமும் அதே விதியில் ஓடுகிறது. தோட்டத்து மெக்கானிக் ஒருவருக்கு பெல்ட் கழன்று ஓடினால் தண்டின் சாய்வைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும். பேண்ட்சோவில் அந்தச் சாய்வைக் கொடுக்கும் திருகு மேல் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் ரப்பர் தேய்ந்து மேடு போய்விட்டதா, மரத்தூளும் பிசினும் கட்டியாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரக் காற்றுள்ள ஊரில் தூள் வேகமாகக் கட்டிபடும். கீழ்ச் சக்கரத்தை உரசும்படி ஒரு தூரிகையைப் பொருத்தினால் பாதித் தொல்லை தீரும்.

இங்கே நிபுணர்களுக்குள் ஒரு வாதம் இருக்கிறது. மேல், கீழ்ச் சக்கரங்கள் இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், நீண்ட நேர்சட்டத்தை இரண்டின் விளிம்பிலும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மெல்லிய வளையம் போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்பது ஒரு கட்சி. அமெரிக்க மரவேலைக்காரர் மார்க் டுகின்ஸ்கி 1989இல் வெளியான தம் பேண்ட்சோ கைநூலில் இதைப் பரப்பினார். மற்றக் கட்சி, தளத்தை விட்டுத்தள்ளுங்கள், பல்லிடைப் பள்ளம் மேல் சக்கரத்தின் உச்சிக்கோட்டில் ஓடும்படி சாய்வுத் திருகை வையுங்கள், வாள் தானாக நேராகப் போகும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு பெரிதல்ல. அகலமான வாளுக்குத் தளம் முக்கியம். சக்கரங்கள் ஒன்றோடொன்று முறுகியிருந்தால் வாளின் ஒரு விளிம்பு மட்டும் இழுவையைச் சுமக்கும். கால் அங்குல, அரை அங்குல வாளுக்கு இரண்டாவது முறையே விரைவானது, போதுமானது. நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தில் வளையம் போட்டுத் தளத்தைத் திருத்தப் புகுவது பெரும்பாலும் இல்லாத நோய்க்கு மருந்து. தொழிற்சாலையில் சரியாகக் கோக்கப்பட்டு, பிறகு யாரோ பிரித்துப் பூட்டிய பழைய இயந்திரத்தில்தான் அந்தச் சோதனை அவசியம். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கமிருந்து வாங்கி மலையேற்றிய இயந்திரங்கள் பல இந்த வகை.

இழுவிசை பற்றித்தான் குழப்பம் அதிகம். சுருள்வில்லின் பக்கத்தில் பொறித்திருக்கும் அளவுகோலை நம்புவதா, விரலால் தட்டிச் சுருதி கேட்பதா, பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பதா? மலிவான இயந்திரத்தின் அளவுகோல் வில் தளரத் தளரப் பொய் சொல்லும். விரல் அழுத்தமோ ஆளுக்கு ஆள் மாறும். நம்பத்தக்க ஒரு முறை எந்தப் பட்டறையிலும் இருக்கும் வேர்னியர் இடுக்கியால் செய்யக்கூடியது. வாளைச் சக்கரங்களில் தளர்வாக மாட்டி, இடுக்கியின் இரு தாடைகளையும் சிறு கவ்விகளால் வாளோடு 200 மில்லிமீற்றர் இடைவெளியில் பிணைக்க வேண்டும். பிறகு இறுக்கத் தொடங்கினால் வாள் நீள்வது இடுக்கியில் தெரியும். 0.1 மில்லிமீற்றர் நீண்டால் சதுர மில்லிமீற்றருக்கு 100 நியூட்டன். சாதாரண கார்பன் உருக்கு வாளுக்கு 100 முதல் 140 வரை நல்லது. மின்சாரத் தொடர்பைத் துண்டித்துவிட்டே இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

அகலத்தின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். 12 மில்லிமீற்றர் அகலமும் 0.6 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள வாளைச் சதுர மில்லிமீற்றருக்கு 100 நியூட்டன் அளவுக்கு இறுக்க, வாளின் இரு பக்க ஓட்டங்களும் சேர்ந்து இழுப்பதால், மேல் சக்கரத்தின் அச்சு சுமார் 150 கிலோகிராம் பாரத்தைத் தாங்கினால் போதும். 25 மில்லிமீற்றர் அகலமும் 0.9 மில்லிமீற்றர் தடிப்பும் என்றால் 450 கிலோவுக்கு மேல். 14 அங்குலச் சிறு இயந்திரத்தின் சட்டகம் அதற்கு முன்பே வளைந்துகொடுத்துவிடும். முழு இறுக்கத்தில் இருக்கும் அரை அங்குல வாள், பாதி இறுக்கத்தில் இருக்கும் ஓர் அங்குல வாளைவிட நேராக அரியும். அதே 0.9 மில்லிமீற்றர் தடிப்பில் 100 மில்லிமீற்றர் அகல வாள் ஓடும் ஆலை இயந்திரத்துக்கு இதே கணக்கில் ஏறத்தாழ 1.8 தொன் வேண்டும். அங்கே எடைக்கல்லும் நெம்புகோலும், அல்லது நீரழுத்தமும் இருப்பது அதனால்.

கைட்டுகளில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வாள் சக்கரத்தில் சரியாக ஓடத் தொடங்கிய பிறகே அவற்றை அருகே கொண்டுவர வேண்டும். முதலில் கைட்டை நெருக்கிவிட்டு வாளை அதற்குள் அடக்க முயல்வதுதான் பரவலான தவறு. பக்கக் கைட்டுக்கும் வாளுக்கும் இடையே ஒரு ரூபாத் தாள் நுழையும் இடைவெளி, சுமார் 0.1 மில்லிமீற்றர். கைட்டின் முன்விளிம்பு பல்லிடைப் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பல் விரிப்பைத் தின்றுவிடும். பின்தாங்கி வெறுமனே ஓடும்போது வாளைத் தொடக்கூடாது. மரம் தள்ளும்போது மட்டும் தொட வேண்டும். மேல் கைட்டை மரத்துக்கு மேலே கால் அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் இடையில் இறக்கி வைத்தால் வாளும் விறைப்பாக நிற்கும், விரலுக்கும் காவல். ஆறு அங்குலம் தூக்கிவைத்தபடி மெல்லிய பலகை அரிபவரைக் கண்டால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மேசையைச் சதுரமாக்க இயந்திரத்தோடு வரும் கோண அளவையை நம்பவேண்டாம். ஆறு அங்குல உயரக் கட்டை ஒன்றைக் கொஞ்சம் வெட்டி, கட்டையைத் தலைகீழாகப் புரட்டி, வாளின் முதுகுப்பக்கமாக அந்த வெட்டுக்குள் நுழைக்கப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் மேசை சதுரம். பிடித்தால், விலகலின் இரட்டிப்பு கண்முன் தெரியும்.

அடுத்தது பக்கச் சட்டம். இதில்தான் இன்னொரு பெரிய வாதம். பலகையில் நேர்கோடு போட்டு, சட்டமில்லாமல் கையால் தள்ளி அரிந்து, வாள் எந்தக் கோணத்தில் விலகுகிறதோ அந்தக் கோணத்துக்குச் சட்டத்தைத் திருப்பி வை என்பது பழைய போதனை. வேலை நடக்கும். நாலு பலகை அவசரமாக வேண்டுமென்றால் நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த விலகல் வாளின் நோய்க்குறி. ஆணியில் பட்ட பக்கம் மேலும் மழுங்க மழுங்க விலகலும் கூடும். காலையில் திருப்பிய சட்டம் மாலையில் பொருந்தாது. வாளை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. நல்ல வாளைப் போட்டு, பல்லிடைப் பள்ளத்தை உச்சிக்கோட்டில் நிறுத்தி, போதிய இறுக்கம் கொடுத்தால், சட்டம் மேசைப் பள்ளத்துக்கு இணையாக நின்றபடியே நேராக அரியும். அப்படியும் மிகச் சிறிய விலகல் மிஞ்சினால், கூடுதலாக வெட்டும் பக்கத்துப் பற்களை இயந்திரம் ஓடும்போதே மெல்லிய எண்ணெய்க் கல்லால் இலேசாக ஒருமுறை தொடுவது உதவும். வாளின் பக்கவாட்டில் நின்று, கல்லை மேசையில் தட்டையாக வைத்து, பழகிய கை மட்டுமே செய்யத்தக்கது அது.

ஆலையில் பக்கச் சட்டத்தின் இடத்தில் தண்டவாளமும் மரம் ஏற்றும் வண்டியும் இருக்கின்றன. சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் அமைந்த ஆலையில், தென்மேல் பருவமழையில் ஊறிய மண் ஒரு பக்கம் இறங்கினால் தண்டவாளமும் இறங்கும். வாளில் ஒரு குற்றமுமில்லாமல் பலகை முறுக்கிக்கொண்டு வரும். வத்தளை, மொறட்டுவைப் பக்கத்துச் சமநிலத்து ஆலைக்காரர் அவ்வளவாகக் கவலைப்படாத இந்த விஷயத்தை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையில் வேலை செய்பவர் வருடத்துக்கு ஒருமுறையாவது மட்டக்குழாயோடு பார்த்தாக வேண்டும்.

மின்சாரம் இன்னொரு மறைந்த காரணி. தோட்டத்துக் கோடியில், நீண்ட கம்பியின் முடிவில் இருக்கும் பட்டறைக்கு 230 வோல்ட் முழுதாக வந்து சேராத மாலைகள் உண்டு. மோட்டரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு இறங்கும்: 200 வோல்ட் வந்தால் வலு கால்வாசி போய்விடும். 60 ஹேர்ட்ஸுக்கு அமைத்த இயந்திரம் நம் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும்; கப்பியை மாற்றாவிட்டால் வாளின் வேகமும் அவ்வளவு குறையும். வாள் மெதுவாக ஓடும்போது அதே வேகத்தில் மரத்தைத் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் கூடுதலாகக் கடிக்கிறது, வாள் வளைகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் வெட்டு கெட்டால், திருகுகளைத் தொடுவதற்கு முன் வோல்ட்மீற்றரைப் பார்ப்பது நல்லது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவருக்குக் கணக்காகவே சொல்லலாம். வட்டவாள் ஒரு வெட்டில் 6 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீற்றர் பலகை ஒவ்வொன்றுக்கும் மரத்தில் 19 வீதத்துக்கு மேல் தூளாகப் போகிறது. 3 மில்லிமீற்றர் வெட்டும் ஆலைப் பேண்ட்சோவில் அது 11 வீதத்துக்குள் நிற்கும். ஆனால் வெட்டு அலைந்து, சமப்படுத்துவதற்கென்று பலகையை 3 மில்லிமீற்றர் தடிப்பாக எடுக்க நேர்ந்தால், பேண்ட்சோ மிச்சப்படுத்திய மரம் முழுவதும் சீவுளியில் போய்விடும். வெட்டுவதற்கு அனுமதி, ஏற்றுவதற்கு அனுமதி என்று அலைந்து இறக்கிய, இருபது முப்பது வருடம் வளர்ந்த மரம் அது. தோட்டத்தில் லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போகும் ஒரு குடும்பத்துக்குக் கதவும் யன்னலும் அந்த மரத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. வீணாகும் ஒவ்வொரு பலகையின் விலையும் அவர்கள் தலையில்தான் விழும். சீரமைப்பை வெறும் இயந்திரக் கைவினையாக என்னால் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

குளிரைப் பற்றி மேல்நாட்டு நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. சூடேற்றிய பட்டறைக்காக எழுதப்பட்டவை அவை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் இறுக்கிய வாள், ஒரு மணிநேரம் யூகலிப்டஸ் அரிந்து 30 பாகை சூடேறினால், ஒவ்வொரு மீற்றருக்கும் 0.36 மில்லிமீற்றர் நீளும். வில் அதை ஈடுசெய்யாத இயந்திரத்தில், சதுர மில்லிமீற்றருக்கு 70 நியூட்டன் அளவு இறுக்கம் மறைந்துபோகும். காலையில் 100 கொடுத்தவருக்கு மிஞ்சுவது 30. முற்பகலில் நேராக அரிந்த வாள் மதியத்துக்குள் ஏன் அலைகிறது என்பதற்கு இங்கே பலமுறை இதுவே விடை. வெறுமனே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு இறுக்கத்தைச் சரிபார்ப்பதும், வேலையின் நடுவில் இன்னொருமுறை பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். வேலை முடிந்ததும் இதன் மறுபக்கம் வருகிறது. சூடான வாளை இறுக்கியபடியே விட்டுப் போனால் இரவின் குளிரில் அது சுருங்கி, சக்கரத்தின் ரப்பரில் பள்ளம் பதிக்கும், தாங்கிகளுக்குச் சுமையேற்றும், பள்ளத்தில் தொடங்கிய மயிரிழை வெடிப்பை நீளச் செய்யும். ஆகவே மாலையில் திருகைத் தளர்த்தி, கன்னங்களைத் துடைத்து, துருப் பிடிக்காமல் இலேசாக எண்ணெய் தடவி, வாள் தளர்ந்திருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி ஆளியில் தொங்கவிட வேண்டும். அட்டை இல்லாவிட்டால், மறுநாள் முதலில் வரும் பொடியன் அறியாமல் ஆளியைப் போட்டுவிடுவான்; தளர்ந்த வாள் சக்கரத்திலிருந்து கழன்று வரும்.